குண்டு எறிந்த அக்காவுக்கு விசில்தான் கொடுத்தார்கள்

அந்தக் கோப்பையை நான் ஒரு தடவைதான் பார்த்தேன். எங்கள் தொழிற்சாலைக் குடியிருப்பின் லேடீஸ் கிளப்பில், கண்ணாடி அலமாரிக்குள், தூசி படிந்த பிளாஸ்டிக் ரோஜாக்களுக்குப் பக்கத்தில் இருந்தது. எலுமிச்சம்பழ ஓட்டத்தில் ஜெயிப்பவளுக்கு வருஷா வருஷம் தரும் சுழற்கோப்பை. அக்காவின் பெயரைப் பொறித்து, கீழே ஆங்கிலத்தில் 'புகழ்பெற்ற குண்டு எறிதல் வீராங்கனை' என்று போட்டிருந்தார்கள். எதனால் செத்தாள் என்று போடவில்லை. கோப்பையில் அதையெல்லாம் எழுத மாட்டார்கள், சரி. இரங்கல் கூட்டத்திலாவது சொல்லியிருக்கலாம். 'சிறிது காலம் நலமின்றி இருந்து' என்று வாசித்தார்கள். என்ன நலமின்மை? ஜலதோஷமா? தொண்டை வரைக்கும் வந்த ஒரு சொல்லை எல்லாரும் காப்பியோடு சேர்த்து விழுங்கினார்கள். பிஸ்கட்டும் கொடுத்தார்கள்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. வருஷங்கள் போய்விட்டன, என் தலையும் நரைத்துவிட்டது, குடியிருப்பைச் சுற்றியிருந்த பாறைக்காடெல்லாம் கண்ணாடிக் கட்டடங்களாகிவிட்டது. ஆறவில்லை.

அக்கா என்று கூப்பிட்டேனே தவிர, எனக்கு அவள் உறவில்லை. செகந்தராபாத்தில் ரயில்வே பட்டறைக் குவார்ட்டர்ஸில் பிறந்தவள். தாத்தா காலத்தில் வடாற்காட்டிலிருந்து வந்த குடும்பம். வீட்டில் வடாற்காட்டுத் தமிழ், தெருவில் தெலுங்கு, மைதானத்தில் ஹைதராபாத் இந்தி. மூன்றையும் ஒரே தட்டில் பிசைந்து உருட்டுகிற மாதிரிப் பேசுவாள். 'நக்கோடீ, இன்னாத்துக்கு இவ்ளோ அவசரம்?' என்பாள். நக்கோ என்றால் அந்த ஊர் இந்தியில் வேண்டாம். திருச்சிப் பக்கத்திலிருந்து போன எனக்கு முதல் மாசம் அவள் பேச்சில் பாதி பிடிபடவில்லை. பிடிபட்ட பிறகு வேறு யார் பேசினாலும் உப்பில்லாத மாதிரி இருந்தது.

ஊரைத் தாண்டி, பாறைகளுக்கு நடுவே சர்க்கார் கட்டிய தொழிற்சாலை எங்களுடையது. உள்ளேயே வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கூட்டுறவு ஸ்டோர், மைதானம். சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டு, சங்கு ஊதினால் வீட்டுக்கு வருகிற வாழ்க்கை. விளையாட்டுக் கோட்டாவில் அவளுக்கு டைம் ஆபீஸில் வேலை. வருகைச் சீட்டுகளைச் சரிபார்க்கிற இடம். அதே கட்டடத்தில் நலப்பிரிவில் நான் டைப்பிஸ்ட். எழுபதுகளின் கடைசியில் நான் போய்ச் சேர்ந்தபோது அவள் இன்னும் எறிந்துகொண்டிருந்தாள்.

மத்தியானச் சங்குக்கு எல்லாரும் கேன்டீன் பக்கம் போவார்கள். அவள் மட்டும் மைதானத்துக்குப் போவாள். வெயிலில் மண் வெளுத்துக் கிடக்கும். வட்டத்துக்குள் நின்று, இரும்புக் குண்டைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கி, முதுகைக் காட்டிக் குனிவாள். ஒரு கணம் அசையாமல் இருப்பாள். பிறகு பூமியை எட்டி உதைத்துத் திரும்பும்போது அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வரும் பாருங்கள், வேப்பமரத்துக் காக்கைகள் கிளம்பிவிடும். எறிந்த பிறகு குண்டைப் பார்க்கவே மாட்டாள். எங்கே விழுந்தது என்று கை சொல்லிவிடும் என்பாள்.

அப்போதெல்லாம் பொதுத்துறை நிறுவனங்களுக்கிடையே போட்டி நடக்கும். உரக்காரர்கள், உருக்குக்காரர்கள், எண்ணெய்க்காரர்கள் எல்லாம் ஆளுக்கொரு அணி வைத்திருந்தார்கள். மெடலோடு வந்த அன்று ஜெனரல் மானேஜர் கை குலுக்குவார், போட்டோ எடுப்பார்கள். மறுநாளே டைம் ஆபீஸ் சீனியர் கிளார்க் ஆரம்பித்துவிடுவார்.

"உங்களுக்கென்னம்மா, இரும்ப உருட்டியே சம்பளம் வாங்கறீங்க."

"நாளைக்கு நீங்க வந்து அத்த தூக்குங்க சார். நான் இங்க குந்தி உங்க பென்சில தூக்குறேன்."

குண்டு எறிகிற அந்த வலது பக்கத்தில்தான் வந்தது. அக்குளுக்குக் கிட்டே, மார்பின் ஓரத்தில், கொட்டைப்பாக்கு மாதிரி ஒரு முடிச்சு. எறிகிற கைக்கு வேர் மாதிரி இருக்கிற தசை ஓடும் இடம் அது. வேறு எந்தப் பெண்ணாவது என்றால் பயந்திருப்பாள், அல்லது வெட்கப்பட்டு மறைத்திருப்பாள். அவள் இரண்டும் செய்யவில்லை. தசை சுருண்டுகொண்டது என்று நினைத்தாள். பழைய கோச் ஒருவர் இருந்தார், ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று சைனிக்புரியில் வீடு கட்டிக்கொண்டவர். பஸ் பிடித்துப் போய் அவரிடம் சொன்னாள். தோள் தசைப்பிடிப்பு என்றுதான் சொன்னாளாம். எந்த இடம் என்று அவர் கேட்கவில்லை, இவள் காட்டவில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடு, பேண்டேஜை இறுக்கிக் கட்டிக்கொண்டு எறி என்றார். இவளும் ஒரு சீசன் முழுக்கக் கட்டிக்கொண்டு எறிந்தாள். அந்த சீசனில் மெடல்கூட வாங்கினாள்.

பின்னால் என்னிடம் சொன்னாள்: "வலிக்கவேயில்லடீ. எங்க கணக்குல வலிச்சாத்தான் காயம். வலிக்காத ஒன்ன யாரு மதிப்பா? முட்டி வலிக்கும், முதுகு வலிக்கும், அதுக்கெல்லாம் மருந்து போட்டேன். இது சாதுவா குந்தியிருந்தது. சரி, இருந்துட்டுப் போன்னு உட்டுட்டேன்."

முடிச்சு பெரிதான பிறகுதான் டாக்டரிடம் போனாள். நகரத்துப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் மார்பை முழுக்க எடுத்தார்கள். அக்குளுக்குள் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கை வீங்க ஆரம்பித்தது. சாயங்காலமானால் முழங்கைக்குக் கீழே புடைத்து, வளையல் ஏறாது. ரவிக்கையின் வலது கையை மட்டும் அகலமாக வெட்டச் சொல்லுவாள். தையல்காரர் அளவு தப்பிவிட்டதோ என்று குழம்பி, இரண்டையும் ஒரே அளவாகத் தைத்துக் கொடுப்பார். எத்தனை ரவிக்கை அப்படிப் பாழாயிற்று. "இன்னா டைலரு, ஒரு கை எறிஞ்ச கை, ஒரு கை எறியாத கைன்னு சொன்னாப் புரியாதா?" என்று சண்டை போடுவாள். அவருக்கு எப்படிப் புரியும்?

எடுத்த இடத்தில் வைத்துக்கொள்ளத் துணிப்பை ஒன்று அவளே தைத்தாள். முதலில் பஞ்சு வைத்தாள். எடை போதவில்லை, நடந்தால் இடப்பக்கம் சாய்கிறேன் என்றாள். கிராம் கணக்கில் உடம்பைத் தூக்கி நிறுத்திப் பழகியவளுக்கு அது தெரிந்தது. கடுகை நிரப்பிப் பார்த்தாள், கடைசியில் சோளத்துக்கு வந்தாள். "மழைக்காலத்துல மொளச்சிட்டா கதிர் அறுத்துக்கலாம்" என்று அவள் சொன்னபோது எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. தண்ணீர் குடித்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் வேறு ஆளாக வந்தாள். சாந்தமாக வந்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். கோபமாக வந்தாள். வார்டில் அவளோடு படுத்திருந்த பெண்கள் எல்லாரும் காலம் கடந்து வந்தவர்கள். "ஒருத்தி சாமிக்கு வேண்டிக்கினு குந்தியிருந்தா. ஒருத்தி பொண்ணு கல்யாணம் முடியட்டும்னு இருந்தா. ஒருத்திக்குப் புருஷங்கிட்ட சொல்ல வாய் வரல. நான் பேண்டேஜ் கட்டிக்கினு மெடலு வாங்கினு இருந்தேன். எல்லாரும் ஒரே வரிசையில படுத்திருக்கோம்டீ. இத்த சொல்ல வாணாமா?"

சொல்ல ஆரம்பித்தாள். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொன்னாள், குழாயடியில் சொன்னாள், ஆபீஸில் பெண்கள் அறையில் சொன்னாள். குளித்த பிறகு விரல்களைத் தட்டையாக வைத்து வட்டமாகத் தடவிப் பார், கட்டி தட்டுப்பட்டால் வலிக்கவில்லை என்று விட்டுவிடாதே, டாக்டரிடம் ஓடு. இவ்வளவுதான். இதைக் கேட்பதற்குள் பெண்களுக்கு அடுப்பில் பால் ஞாபகம் வந்துவிடும். 'அந்த வியாதி' என்றுதான் சொல்வார்கள். சிலர் அவள் குடித்த டம்ளரைத் தனியாக வைத்தார்கள். ஒருத்தி, "கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் இல்லாம ஆம்பள மாதிரி இரும்பத் தூக்கினா இப்படித்தான்" என்று என் காதுபடவே சொன்னாள்.

ஒவ்வொருத்தியாகப் பிடித்தால் நடக்காது என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. குடியிருப்புப் பெண்கள் எல்லாரும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும், அங்கே சொல்ல வேண்டும். அப்படி நிற்பது வருஷத்தில் ஒரு நாள்தான், லேடீஸ் கிளப் ஆண்டு விழா.

எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். லேடீஸ் கிளப்புக்குத் தேர்தல் கிடையாது. ஜெனரல் மானேஜரின் மனைவி யாரோ அவர்தான் தலைவி. பங்களாவும் காரும் தோட்டக்காரரும் வருகிற மாதிரி அந்தப் பதவியும் கூடவே வரும். ஃபைனான்ஸில் இருக்கிற டெபுடி மானேஜரின் மனைவி செகரட்டரி. மற்ற நாட்களில் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் கிளப் வாசலைக்கூட மிதிப்பதில்லை. ஆண்டு விழா அன்று மட்டும் சின்ன வீடு, பெரிய வீடு எல்லாம் ஒரே மைதானத்துக்கு வரும். விளையாட்டு இருக்கும், பரிசு இருக்கும், லட்டும் மிக்ஸரும் பொட்டலமாகத் தருவார்கள்.

அக்கா பத்து நிமிஷம் கேட்டாள். பத்தே நிமிஷம்.

தலைவி அம்மாள் அன்பாகவே தலையாட்டினார். ஓ, நம்ம சாம்பியன்! கட்டாயம் வர வேண்டும்! விழா அன்று அக்கா போனால், நிகழ்ச்சி நிரலில் அவள் பெயர் இருந்தது, மியூசிக்கல் சேர் நடுவர் என்று. அதை முடித்துவிட்டுப் பேசலாம் என்றார்கள். முடித்தபோது தலைமை விருந்தினருக்கு நேரமாகிவிட்டது. அடுத்த வருஷம் கோலப் போட்டிக்கு நடுவர். அதற்கும் அடுத்த வருஷம் கயிறு இழுக்கும் போட்டிக்கு. ஒவ்வொரு தடவையும் கையில் ஒரு விசிலைத் திணித்து, கழுத்தில் ஒரு மாலையைப் போட்டு, மைக்கிலிருந்து இருபதடி தள்ளி நிற்க வைத்தார்கள். அவமானப்படுத்தவில்லை, கௌரவப்படுத்தினார்கள். அதுதான் என் வயிறெரிச்சல். அவமானப்படுத்தினால் சண்டை போடலாம். மாலை போடுகிறவளிடம் என்ன சண்டை போடுவது?

மூன்றாவது முறை ஏமாந்த பிறகு, அவள் பேச்சை எழுதித் தரச் சொன்னார்கள். நான்தான் எழுதினேன். தெலுங்கில் அவள் சொல்லச் சொல்ல ஒன்று, தமிழில் ஒன்று. செகரட்டரி தமிழ்க்காரி, மயிலாப்பூர். மாமி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து படித்தார். ஜவ்வரிசி வடாம் காய்கிற வாசனை. அக்கா சோபாவில் நுனியில் உட்கார்ந்திருந்தாள், எப்போதும் போல் முதுகு நிமிர்ந்து.

"ரொம்ப நன்னா எழுதியிருக்கே. ஆனா இந்த வார்த்தை வேணாமே. ஜென்ட்ஸ் எல்லாம் காம்பவுண்டு கிட்ட நின்னுண்டிருப்பா. ஸ்பீக்கர் அவ்வளவு தூரம் கேட்கும்."

"எந்த வார்த்தை மாமி?" என்றேன் நான்.

"இதோ, இந்த இடம்." விரலால் தொட்டார், சொல்லவில்லை.

"மார்புன்னு சொல்லாம அங்க கட்டி வரும்னு எப்படிச் சொல்றது?" என்று அக்கா கேட்டாள்.

"உடம்புன்னு பொதுவா போடுங்கோளேன்."

"உடம்புல எங்க தடவிப் பாக்கறதும்மா? முட்டியிலயா?"

"அப்பறம் இந்த கேன்சர்ங்கற வார்த்தை. நல்ல நாளும் அதுவுமா... ஆரோக்கியம்னு போடலாம். பெண்களும் ஆரோக்கியமும். கீரை, பழம், காலையில நடக்கறது. நீங்க ஸ்போர்ட்ஸ் பர்ஸன், நீங்க சொன்னா எடுபடும்."

நான் எழுதிய தாளில் மாமியின் பென்சில் நடந்தது. கடைசியில் கீரைதான் மிச்சம். வெளியே வந்ததும் அக்கா அந்தத் தாளை நாலாக மடித்து, வீங்கின கையால் விசிறிக்கொண்டே நடந்தாள். சிரித்தாள். எனக்குத்தான் கத்த வேண்டும் போல் இருந்தது, ஆனால் யாரைப் பார்த்து? மாமி எங்களுக்குக் காப்பி கொடுத்திருந்தார், பிடி வடாமும் கட்டிக் கொடுத்திருந்தார்.

அந்த வருஷக் குளிர்காலத்தில் அவளுக்கு முதுகு வலித்தது. கம்பெனி பஸ்ஸில், ஜன்னலோரம் பாறைகள் ஓடிக்கொண்டிருக்க, சாதாரணமாகச் சொன்னாள்: "எலும்புக்குப் போயிடுச்சாம்டீ. இது நல்லா வலிக்குது. இப்ப வலிச்சு இன்னா பிரயோஜனம்?"

நான் அவள் கையைப் பிடித்தேன். விடுவித்துக்கொண்டாள்.

"அத்த உடு. அடுத்த ஆண்டு விழா வரைக்கும் நிக்க முடியும்னு நெனைக்கிறேன். அதுக்கடுத்ததுக்கு முடியாது. இந்தத் தடவ என்ன சொல்லப் போறாங்களோ, அதுக்குச் சரின்னு சொல்லிடு."

இந்தத் தடவை எலுமிச்சம்பழ ஓட்டம்.

அந்த விளையாட்டு எல்லாருக்கும் தெரியும். ஸ்பூனின் காம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு, அதன் குழியில் எலுமிச்சம்பழத்தை வைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓட வேண்டும். பழம் விழுந்தால் ஆட்டம் இழந்தாள். விசில் ஊதுவதற்கு முன்னால் நகர்ந்தாலும் இழந்தாள். அந்த வருஷம் முதல் பரிசு பிரஷர் குக்கர் என்று அறிவித்திருந்ததால் கூட்டம் தாங்கவில்லை. மைதானத்தின் குறுக்கே சுண்ணாம்புக் கோட்டில், பட்டுச் சேலையும் பருத்திச் சேலையும் நைலக்ஸுமாகப் பெண்கள் தோளோடு தோள் நின்றார்கள். தலைவி அம்மாள் ஷாமியானாவுக்குள். மாமி கையில் மைக். அக்கா கழுத்தில் மாலை, கையில் விசில்.

"ரெடி" என்றாள். எல்லாரும் பழத்தை வைத்துக்கொண்டு கைகளைப் பின்னால் கட்டினார்கள். விசிலை வாய்க்குக் கொண்டுபோனாள். இறக்கினாள்.

"யாரும் அசையாதீங்க. பழம் விழுந்தா அவுட்டு" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, வரிசையின் முன்னால் நடக்க ஆரம்பித்தாள்.

மைக் அவளுக்கு எதற்கு? மைதானத்தின் அந்தக் கோடியில் இருக்கிற ஆளைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. மார்பு என்றாள். கேன்சர் என்றாள். எனக்கு இங்கே இருந்தது, எடுத்துவிட்டார்கள், இப்போது இங்கே சோளம் இருக்கிறது என்று தட்டிக் காட்டினாள். ஒருத்தியின் ஸ்பூன் ஆடியது. "அசையாத! குக்கர் போயிடும்!" என்று அதட்டினாள். விரல்களை எப்படி வைக்க வேண்டும், எப்படி வட்டம் போட வேண்டும் என்று தன் ரவிக்கை மேலேயே செய்து காட்டினாள். வலிக்காது, வலிக்காததால்தான் நான் ஏமாந்தேன், நீங்கள் ஏமாறாதீர்கள் என்றாள். வரிசையின் கடைசி வரை போய்த் திரும்பி, மறுபடி முதலிலிருந்து சொன்னாள். ஓடவும் முடியாமல், பேசவும் முடியாமல், முகத்தைத் திருப்பவும் முடியாமல் அத்தனை பெண்களும் ஸ்பூனைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். சிலர் வாயோரத்தில் எச்சில் வழிந்தது. இரண்டு மூன்று பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள். காதை மூடக் கை இல்லை.

"மேடம், ப்ளீஸ் ரேஸை ஸ்டார்ட் பண்ணுங்கோ, மேடம்" என்று மாமியின் குரல் ஸ்பீக்கரில் கெஞ்சியது. காம்பவுண்டுச் சுவர் பக்கம் ஆண்கள் யாரோ விசிலடித்தார்கள். ஒலிபெருக்கிக்காரரிடம் யாரோ ஜாடை காட்ட, சினிமாப் பாட்டு ஒன்று திடீரென்று முழு சத்தத்தில் கிளம்பியது. அக்கா பாட்டுக்கு மேலே கத்திப் பார்த்தாள். தொண்டை போதவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு விசிலை ஊதினாள்.

ஓடினார்கள். பாதிப் பழம் கோட்டிலேயே விழுந்தது. யார் ஜெயித்தார்கள் என்று எனக்கு ஞாபகமில்லை.

திங்கட்கிழமை பர்சனல் ஆபீஸர் அவளைக் கூப்பிட்டு, நலப் பணிகள் உரிய வழியாக நடக்க வேண்டும் என்று மென்மையாகச் சொன்னார். உரிய வழி எது என்று கேட்டாளாம். லேடீஸ் கிளப் என்றாராம். இனிமேல் கிளப் நிகழ்ச்சிகளில் உங்களுக்குச் சிரமம் கொடுக்க வேண்டாம் என்று தலைவி அம்மாள் நினைக்கிறார் என்றும் சொன்னாராம். குடியிருப்பில் அவளைப் பார்த்தால் பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். அவள் போன பிறகு வாயில் ஸ்பூன் வைத்த மாதிரி நடித்துக் காட்டிச் சிரித்தார்கள். நான் போய்ச் சண்டை போட்டேன். "நீ அவ அசிஸ்டென்டா?" என்று கேட்டார்கள்.

ஒரே ஒருத்தி வந்தாள். இரும்பைக் காய்ச்சி அடிக்கிற ஃபோர்ஜ் ஷாப்பில் சம்மட்டி மெஷின் ஓட்டுகிறவரின் மனைவி, தெலுங்குக்காரி. சின்ன வீடுகளின் கடைசி வரிசை. மத்தியான நேரத்தில், தெருவில் ஆளில்லாதபோது, இடுப்பில் குழந்தையோடு அக்கா வீட்டுக் கதவைத் தட்டினாள். இடது பக்கம் ஏதோ உருளுகிறது என்றாள். நீ சொன்ன மாதிரி தடவிப் பார்த்தேன், அதிலிருந்து தூக்கமில்லை என்றாள்.

மறுநாள் நாங்கள் மூன்று பேரும் பஸ் மாறிப் பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தையை நான் வைத்துக்கொண்டேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் அக்கா பல்லைக் கடித்தாள், ஆனால் கண்ணில் பழைய வெளிச்சம், எறிவதற்கு முன்னால் இருக்குமே, அது. லேடி டாக்டர் பார்த்தார். ஊசி போட்டு உறிஞ்சி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். நாலு நாள் கழித்து மறுபடி போனபோது முடிவு வந்திருந்தது. சாதாரணக் கட்டி, ஒன்றுமில்லை, பயப்பட வேண்டாம்.

அக்கா பஸ் ஸ்டாண்டிலேயே அவளுக்கு மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்தாள். அவளோ அதைத் தலையில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டில் மாமியார் விஷயத்தைத் தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள். மருமகளுக்கு அந்த வியாதி என்று பேச்சு பரவி, நாத்தனாருக்குப் பார்த்திருந்த வரன்கூடத் தயங்கியதாம். ஒரு வாரம் கழித்து வந்து வாசலில் நின்று கத்தினாள். "ஒண்ணுமே இல்லாததுக்கு என்னை ஊர் சிரிக்க வெச்சீங்களே! உங்களுக்கு வந்தா எல்லாருக்கும் வரணுமா?"

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சிக்கத்தானேம்மா போறது" என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்கு நான்தான் உடைந்துபோனேன். போதும் அக்கா, இந்த ஜனங்களுக்குச் சொல்லிச் சாக வேண்டுமா, லீவு போட்டுவிட்டு உங்கள் அண்ணன் வீட்டில் போய்ப் படுங்கள் என்றேன். "படுக்கத்தான் போறேன். அதுக்குள்ள இன்னும் ஒரு எடம் கீது" என்றாள்.

பாமாயில் வரிசை.

கூட்டுறவு ஸ்டோருக்கு எப்போதாவதுதான் பாமாயில் வரும். லாரி கேட்டைத் தாண்டியதுமே சேதி பறந்துவிடும். டின்னும் கேனுமாகப் பெண்கள் ஓடி வருவார்கள், ஸ்டோர் வாசலிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் வரிசை நீளும். இடத்தை விட்டால் போச்சு என்பதால் யாரும் நகர மாட்டார்கள். கிளப் அவளை வரவிடாமல் செய்யலாம், ரேஷன் வரிசையில் யார் தடுப்பது? அக்கா ஒற்றை ஆள். மாசத்துக்கு உழக்கு எண்ணெய் போதும் அவளுக்கு. ஒரு சின்ன டின்னை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். முன்னால் இருப்பவளிடம் சொன்னாள், பின்னால் இருப்பவளிடம் சொன்னாள். கவுன்ட்டர் பக்கம் வந்ததும் எண்ணெய் வாங்காமல் விலகி, நடந்துபோய் மறுபடி வரிசையின் கடைசியில் நின்றாள். அங்கே புதிதாக இரண்டு பேர். அவர்களிடம் சொன்னாள். வாழ்நாள் முழுக்க முதலாவதாக வருவதற்கு உடம்பைப் பழக்கினவள், முதலாவதாக வந்த ஒவ்வொரு தடவையும் கடைசிக்குப் போனாள்.

அந்தக் கோடையில் லாரி வந்த நாளெல்லாம் இப்படித்தான். நான் லஞ்ச் நேரத்தில் போய், ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே நகர்ந்தேன். பெண்கள் வானத்தைப் பார்த்தார்கள், டின்னைப் பார்த்தார்கள். "பைத்தியம் முத்திடுச்சு" என்று ஒருத்தி இந்தியில் சொன்னாள். "ஹவ், பைத்தியம்தான், ஆனா பைத்தியம் சொல்றதையும் ஒரு தடவ கேளு" என்று அக்கா அதே இந்தியில் திருப்பினாள். அவள் முகத்தில் ஒவ்வொரு அடிக்கும் வலி ஏறி இறங்குவது எனக்குத் தெரிந்தது. இவ்வளவு பெரிய உடம்பை இழுத்துக்கொண்டு, கேட்காத காதுகளுக்காக. எனக்கு அந்த வரிசை மேல், டின்கள் மேல், அந்த மஞ்சள் எண்ணெய் மேலேயே வெறுப்பு வந்தது. மழைக்காலம் அவளுக்கு இருக்காது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். சொன்னபடியேதான் ஆயிற்று.

கடைசியாக அவளால் வர முடிந்த நாளில், ஃபோர்ஜ் ஷாப்காரரின் மனைவியும் வரிசையில் இருந்தாள். அக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா அவளை ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குப் பின்னால் நின்ற புதுப்பெண்ணிடம் தன் பாட்டைத் தொடங்கினாள். ஃபோர்ஜ் ஷாப்காரி பொறுக்க முடியாமல் திரும்பினாள்.

"இந்தம்மா பேச்சக் கேக்காத. நான் கேட்டுட்டுப் போனேன், பஸ்ஸு மேல பஸ்ஸு மாறி. கடைசியில ஒண்ணுமில்லேன்னு அனுப்பிட்டாங்க. மானம் போனதுதான் மிச்சம்."

புதுப்பெண் டின்னைக் கீழே வைத்தாள். குரலைத் தாழ்த்தி, அக்காவை விட்டுவிட்டு, இவளிடம் கேட்டாள்:

"பாத்தது ஆம்பள டாக்டரா?"

"சீ, இல்ல. லேடி."

"வலிச்சுதா?"

"ஊசிதான். எறும்பு கடிச்ச மாதிரி. குழந்தைக்குப் போடற ஊசிகூட இத விட வலிக்கும்."

"உனக்கு எப்பிடித் தெரிஞ்சுது, அங்க இருக்குன்னு?"

"எப்பிடின்னா, இந்தம்மாதான் உசிர வாங்கினாங்களே. இங்க பாரு, மூணு விரலு, இப்பிடி." சேலைத் தலைப்புக்கு உள்ளே கையை விட்டு, திட்டிக்கொண்டே, வட்டம் போட்டுக் காட்டினாள். முன்னால் நின்ற ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு முன்னால் இருந்தவளும் எட்டிப் பார்த்தாள். "நிஜமா அவ்வளவுதானா? எறும்பு கடிச்ச மாதிரிதானா?" என்று யாரோ கேட்டார்கள். "அந்தப் பேரை ஏன் கத்தறே, மெதுவா சொல்லு" என்று இன்னொருத்தி. "மெதுவா என்ன, மார்புலதானே பாக்கச் சொல்றா, பக்கத்து வீட்லயா?" என்று ஒரு கிழக்குரல். சிரிப்பு எழுந்தது.

ஃபோர்ஜ் ஷாப்காரியின் விரல்கள் கொஞ்சம் வேகமாகப் போயின. அக்கா திருத்துவதற்கு வாயைத் திறந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, வாயை மூடிக்கொண்டாள். கவுன்ட்டரிலிருந்து ஸ்டோர்க்காரர் 'அடுத்தது, அடுத்தது' என்று தட்டிக்கொண்டே இருந்தார். வரிசை நகரவில்லை.